எடுக்கக் கொழுப்பு இல்லை

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த ஒல்லியானவள் திடீரென்று சொன்னாள்:

“எடுக்கக் கொழுப்பே இல்லன்னுட்டாங்கக்கா டாக்டரம்மா.”

“எதுக்குடி எடுக்கணும்?”

“தொடையில எடுத்து மாருல வைப்பாங்க. பெருசாத் தெரியுமாம். நாத்துப் பறிச்சு நடற மாதிரிதான். அதுல கொஞ்சம் வேர் பிடிக்காமயும் போயிடுமாம்.”

“யாரு யோசனை இது?”

“வீட்டுக்காரருதான் வீடியோ பாத்துட்டுச் சொன்னாரு. நானும் செஞ்சுக்கலாமான்னு பாக்குறேன். மொதல்ல அஞ்சு கிலோ ஏறிட்டு வரணுமாம்.”

“நீ எங்கேருந்து ஏறுவே? எல்லாரும் சாப்புட்டு, சட்டியில மிஞ்சுனதத்தானே திங்கிறே.”

ஒல்லியானவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இனிமே நீ மொதல்ல சாப்புடு. மிச்சத்த அவருக்குப் போடு. ஒரே வாரத்துல, நீ இப்படியே இருன்னுடுவாரு.”