வைவாவுக்கு முந்தின நாள்

– பூட்டியிருக்கு அண்ணா.

– எது?

– உங்க லேப். மூணாவது மாடி, லிஃப்டுக்குப் பக்கத்துலன்னு சொல்வீங்களே, அந்தக் கதவு முன்னாடிதான் நிக்கறேன்.

– டாக்டரம்மா, விளையாடாதே. நாளைக்கு உனக்கு பிஎச்டி வைவா. பெரிய பெரிய வாத்தியாருங்க சுத்தி உக்காந்து கேள்வி கேட்டுக் குடைஞ்செடுக்கப் போறாங்க. நீ உன் ஊர்ல, உன் ரூம்ல உக்காந்து படிச்சிட்டிருக்கணும்.

– விடிஞ்சதும் ரயில் ஏறிட்டேன். வைவாவுக்கு முன்னாடி ஒத்திகை பாக்கலாம்னு நம்ம ஆன்லைன் குழுவுல சொன்னீங்கல்ல? வீடியோல வேணாம், நேர்லயே குடைங்கன்னு வந்துட்டேன்.

– சொல்லிட்டு வரக்கூடாதா?

– சொன்னா வேணாம்பீங்க.

– நான் இப்போ லேப்ல இல்லம்மா. லைப்ரரில இருக்கேன்.

– லைப்ரரி வழியாத்தான் வந்தேன். இன்னிக்கு லீவுன்னு எழுதிப் போட்டிருக்கு.

– இது வேற லைப்ரரி. ஊருக்கு அந்தப் பக்கம். அதுக்கென்ன, பாத்துக்கலாம். நீ முதல்ல போய் ஏதாவது சாப்பிடு.

– பின்னாடி கடகடன்னு ஏதோ ஓடுதே அண்ணா.

– மெஷின். அதை விட்டுட்டு வர முடியாது.

– லைப்ரரில என்ன மெஷின்?

– போட்டோகாப்பி. ஏம்மா, நீ என்ன போலீசா?

– இல்ல. பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு இருந்தா. உங்க பேரைச் சொல்லிக் கேட்டேன். வந்து ரெண்டு வருஷமாச்சாம் அவளுக்கு. அப்படி யாரும் இங்க இல்லையேங்கறா. கதவுல ஒட்டின லிஸ்ட்லயும் உங்க பேர் இல்ல.

– புதுசா வந்தவளுக்கு என்ன தெரியும்? என்னை வேற கட்டடத்துக்கு மாத்திட்டாங்க.

– எந்தக் கட்டடம்? நடந்துக்கிட்டேதான் பேசறேன், அப்படியே வந்துடறேன்.

– நீ எங்க போறே? மூச்சு வாங்குது உனக்கு.

– படி இறங்கறேன்.

– பாரு, எனக்கு இன்னிக்கு கைடோட மீட்டிங். சாயங்காலம் நானே உன்னைக் கூப்பிடறேன். கேம்பஸ் பூங்காவுல போய் உக்காரு.

– உங்க கைடு வேற யுனிவர்சிட்டிக்குப் போயிட்டாராமே.

– யார் சொன்னா?

– அதே பொண்ணுதான். உங்க கைடு பேரையும் சொல்லிக் கேட்டேன்.

– வேவு பாக்க வந்தியா? நாலு வருஷமா குழுவை நடத்தறேன். நாடு நாடா வந்து படிக்கற புள்ளைங்க, யாருக்கு என்ன சந்தேகம்னாலும் ராத்திரி பகல் பாக்காம பதில் போட்டிருக்கேன். அதுக்கு இதுதான் மரியாதையா?

– கோபப்படாதீங்க அண்ணா. நான் வந்த புதுசுல கைடுக்கு எப்படி மெயில் எழுதணும்னே தெரியாது. கடுதாசி மாதிரி பக்கம் பக்கமா எழுதுவேன், அவர் பதிலே போட மாட்டார். நாலு வரிக்கு மேல போகாதேன்னு சொன்னது நீங்க. ஒரு மாசம் யார்கிட்டயும் வாயைத் திறந்து பேசாம இருந்தேன். அப்போ நீங்க ஆரம்பிச்சதுதானே அந்தக் கேமரா வழக்கம்? எல்லாரும் கேமராவை ஆன் பண்ணி, மைக்கை அணைச்சுட்டு, அவங்கவங்க எழுதறது. கடைசில "எழுதியாச்சா"ன்னு கேப்பீங்க. அந்த ஒரு கேள்விக்காகவே நான் எழுதியிருக்கேன்.

– அப்புறம் ஏன் இப்படிப் பண்றே?

– அந்தக் கேமரால உங்க பின்னாடி எப்பவும் வெள்ளையா ஏதோ தொங்கும். லேப்ல திரை போட்டிருக்காங்கன்னு நாங்க பேசிக்குவோம். போன வாரம் எல்லாரும் போனப்புறம் நாம ரெண்டு பேர் மட்டும் இருந்தோம். நீங்க மைக்கை அணைக்க மறந்துட்டீங்க. யாரோ கத்தினாங்க, வார்டுக்கு இன்னும் பெட்ஷீட் வரலன்னு. நீங்களும் "இதோ காயுது"ன்னு பதிலுக்குக் கத்தினீங்க. திரும்பறப்போ சட்டைல ஆஸ்பத்திரி பேர் போட்ட அட்டை தெரிஞ்சுது.

– அப்போ தெரிஞ்சுக்கிட்டேதான் வந்திருக்கே.

– நான் பாத்தது தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுதான் முதல்ல டிபார்ட்மென்ட் போனேன். இப்போ ரோட்டைக் கடக்கறேன். உங்க ஆஸ்பத்திரி எதிர்லயே இருக்கு. நீங்க ரொம்ப தூரம் போகல அண்ணா.

– போக மனசு வரல.

– எப்போ விட்டீங்க?

– விடல, விட்டுப் போச்சு. கைடு வேற இடத்துக்குப் போனார். என் தலைப்பை எடுத்துக்க இங்க யாரும் இல்ல. ஒவ்வொரு கதவா தட்டினேன். பிரமாதமான தலைப்பும்பாங்க, ஆனா எங்கிட்ட இடமில்லம்பாங்க. படிப்புக்குக் கொடுத்த காலம் முடிஞ்சுதுன்னு ஒரு நாள் மெயில் வந்துச்சு. விசாவை வேலைக்கு மாத்திக்கிட்டு இங்க வந்துட்டேன். துணி துவைக்கறது ஒண்ணும் கேவலமில்ல. நல்லாத்தான் இருக்கேன்.

– கேவலம்னு நான் சொல்லல.

– நீ சொல்ல மாட்டே, எங்கப்பா சொல்வார். அவர் வாசல்ல பலகையே மாட்டிட்டார். என் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டு. ஆசாரியை வச்சு நல்ல கட்டையில செதுக்கினது. போன்ல காட்டினார். முதல்ல பட்டம் வரட்டும்பா, அப்புறம் மாட்டலாம்னேன். நீ முடிக்காமலா போவே, சும்மா இருடான்னுட்டார்.

– அவருக்குத் தெரியாதா?

– ரெண்டு வருஷமா முடியப் போவுது, முடியப் போவுதுன்னு சொல்லிட்டிருக்கேன்.

– அப்புறம் குழுவை மட்டும் ஏன் விடல?

– அங்க மட்டும்தான் நான் இன்னும் படிக்கறவன். யாராவது கேள்வி போட்டா கை தானா போனுக்குப் போவுது. டிரையர் சுத்துறப்போ நின்னுக்கிட்டே பதில் அடிப்பேன். அந்த நேரம் நல்லா இருக்கும். மெஷின் நின்னதும் போயிடும்.

– நான் பின்வாசல்ல நிக்கறேன் அண்ணா. துணி வண்டி நிறுத்தியிருக்கற இடம்.

– அங்கேயே இரு. உள்ள வராதே, இந்தக் கோலத்துல என்னைப் பாக்க வேணாம். சரி, வந்தது வந்துட்டே. மெஷின் நிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. ஒத்திகையை முடிச்சிடுவோம். நீயாவது நாளைக்கு ஜெயிக்கணும். கேக்கவா?

– கேளுங்க.

– உங்க ஆய்வு எதைப் பத்தி? சுருக்கமா.

– வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கற வயசானவங்க எங்க நிக்கறாங்க, ஏன் அங்க நிக்கறாங்க.

– தரவு எங்கேருந்து வந்துச்சு?

– குழுவுல இருக்கறவங்க அனுப்பின படங்கள். பல ஊர் பஸ் ஸ்டாப்.

– அதானே. நான்தானே போஸ்ட் போட்டேன், எல்லாரும் உங்க ஊர் பஸ் ஸ்டாப்பைப் படம் எடுத்து அனுப்புங்கன்னு. மழை மாதிரி கொட்டுச்சு. இப்போதான் நிஜமான கேள்வி. கண்டிப்பா கேப்பாங்க. யாரோ எடுத்து யாரோ அனுப்பின படம். அதுல நிக்கற பெரியவங்ககிட்ட யாராவது அனுமதி கேட்டாங்களா? இந்தப் படங்களை எங்களை எப்படி நம்பச் சொல்றீங்க?

– அதையேதான் கேட்டாங்க.

– யாரு?

– கமிட்டி. போன மாசம்.

– போன மாசம் என்ன கமிட்டி? நாளைக்குத்தானே வைவா?

– நாளைக்கு எதுவும் இல்லண்ணா. வைவா வரைக்கும் போகவே விடல. படத்தை எல்லாம் எடுத்துட்டா ஆய்வுல ஒண்ணும் மிஞ்சலன்னுட்டாங்க. மறுபடி முதல்லேர்ந்து செய்ய எனக்கு நாள் இல்ல. நான் போன வாரம் படிப்பை விடறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

– அப்போ குழுவுல... இன்னிக்கு காலைல கூட எல்லாரும் வாழ்த்துப் போட்டாங்களே.

– நீங்க கவுன்ட்டவுன் ஆரம்பிச்சீங்க. இன்னும் இத்தனை நாள்னு தினமும் போட்டீங்க, எல்லாரும் கை தட்டினாங்க. நடுவுல எந்த நாள்ல வந்து நிறுத்துங்கன்னு சொல்றது?

– ஐயோ. அந்தப் படங்களைக் கேக்கச் சொன்னது நான்தானேம்மா. எனக்குத் தெரியாதா அனுமதி வாங்கணும்னு? குவிஞ்சதும் எனக்குத் தலை கால் புரியல. என் குழு, என் குழுன்னு... உன் படிப்புல மண்ணைப் போட்டுட்டேன்.

– உங்களைக் குத்தம் சொல்ல வரலண்ணா. எனக்கும் தெரிஞ்சிருக்கணும். படிச்சவ நான்தானே.

– பின்ன எதுக்கு இவ்ளோ தூரம் வந்தே?

– நாளைக்கு மத்தியானம் அம்மா போன் பண்ணுவாங்க. ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்பாங்க, எப்படி நடந்துச்சுன்னு. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம தவிச்சேன். அப்போதான் உங்க ஞாபகம் வந்துச்சு. நீங்க யாருக்கும் தெரியாம இவ்ளோ நாள் சமாளிக்கறீங்க. பெட்ஷீட் கூப்பாட்டைக் கேட்டதும் எனக்கு முதல்ல வந்தது அழுகை இல்ல, நிம்மதி. இவர்கிட்ட கத்துக்கலாம்னு.

– எதை?

– எப்படி மறைக்கறதுன்னு. குரல் மாறாம எப்படிப் பேசணும், எப்போ என்ன சாக்கு சொல்லணும். நீங்கதான் எந்தக் கேள்விக்கும் பதில் வச்சிருப்பீங்களே. ஒரு வருஷத்துக்காவது ஓட்டணும்ணா. சொல்லித் தாங்க. அண்ணா? இருக்கீங்களா? மெஷின் சத்தமே காணோம்.

– மெஷினை நிறுத்திட்டேன்.

– துணி காஞ்சிடுச்சா?

– இல்ல. ஈரமாத்தான் இருக்கு. திரும்பு, கதவைத் திறந்திருக்கேன். உள்ள வா.

– எவ்ளோ இளைச்சிட்டீங்க அண்ணா.

– அதை விடு. அந்தக் கூடையை நகர்த்திட்டு உக்காரு. உன் போனை அணைச்சு வை.

– நீங்க யாருக்குப் போடறீங்க?

– பேசாம இரு. நாம எழுதறப்போ பக்கத்துல இருப்போமே, அது மாதிரி இரு. போதும்.

– அண்ணா, வேணாம். எனக்காகன்னா வேணாம்.

– ரிங் போவுது... அப்பா? நான்தான்பா. ம், சாப்பிட்டேன். ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். அப்பா, வாசல்ல மாட்டியிருக்கீங்களே பலகை, அதைக் கழட்டிடுங்கப்பா.