இடது கண்ணுக்கு ஒரு சம்மதம்

– வேண்டாங்குறான். உன் நர்ஸ் நோட்டுல எழுதிக்கோ சமீஹா. ஹாத்தெம் ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டான். காது கேக்காத தம்பிக்கு முப்பது வருஷமா நான்தானே வாய்?

– அவரு இவ்வளவு நேரம் கையால பேசினாரே, நஜூவா அக்கா. அத்தனைக்கும் ஒரே அர்த்தம்தானா?

– சுத்தி வளைச்சுதான் பேசுவான். படகுக்குப் பேர் எழுதுற கை, சும்மா இருக்காது. எங்க கையெழுத்துன்னு காட்டு, கெர்கென்னாத் தீவுக்குப் பன்னெண்டு மணிப் படகப் புடிக்கணும்.

– ஒண்ணொண்ணா வருவோம். அவரு இடது கண்ணுக்கு வைக்க வேண்டிய கருவிழி காலையில வந்திருச்சு. பதினோரு மணிக்குள்ள டாக்டருக்குப் பதில் சொல்லணும், இல்லன்னா வரிசைல அடுத்த ஆளுக்குப் போயிடும். வேண்டாம்ங்குறவங்க எதுக்கு முதல் படகப் புடிச்சு ஓடி வந்தீங்க?

– மெசேஜ் அவன் போனுக்கு வந்து தொலைச்சிருச்சு. "கண்ணு", "நாளைக்கு", "வா", இப்படிச் சின்னச் சின்ன வார்த்தை படிச்சிருவான். என் போனுக்கு வந்திருந்தா அழிச்சிருப்பேன்.

– அக்கா...

– என்னடி அப்படிப் பாக்குற?

– எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே காது கேக்காது. நான் பேச ஆரம்பிச்சதே கையாலதான். தப்பாப் புரிஞ்சுக்கிட்டமோன்னு ரெண்டு தடவை பாத்துட்டேன். உங்க தம்பி கேட்டது, "எப்போ படுக்கணும்?" நீங்க அவருக்குச் சொன்னது, "கருவிழி வரல, வீட்டுக்குப் போகலாம்."

– கையக் கீழ வை. யா ரப்பி, கையக் கீழ வை சமீஹா! உன் அம்மா மேல ஆணையா அவன்கிட்ட சொல்லிடாத.

– கண்ணு அவரோடது அக்கா. சொல்லாம இருக்க முடியாது.

– வலது கண்ணும் அவனோடதுதான். அதுக்கும் இங்கதான் கருவிழி வச்சீங்க, மூணு வருஷம் முன்னாடி. கரையில நின்னுக்கிட்டு தூரத்துப் படகோட பேரைப் படிச்சான். அப்புறம் என் கல்யாணம் வந்துச்சு. நாப்பத்தோரு வயசுல. மருதாணி வைக்கிற வியாழக்கிழமை வந்து கண்ணு சிவந்திருக்குன்னு காட்டினான். சிவந்தா அன்னைக்கே வரணும்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? தூசியா இருக்கும், கல்யாணம் முடியட்டும்னு சொன்னேன்.

– எப்போ வந்தீங்க?

– திங்கக்கிழமை. முன்னாடியே வந்திருந்தா மருந்துல நிறுத்திருக்கலாம்னாரு டாக்டரு. அதையும் நான் அவனுக்குச் சொல்லல. அல்லா விதிச்சதுன்னு சொல்லிட்டேன். இப்போ அந்தக் கண்ணுல வெளிச்சம் இருட்டு தவிர ஒண்ணும் தெரியாது.

– அக்கா, உக்காருங்க.

– கண்ணாலதான் அவன் கேக்குறான். இந்த ஒரு கண்ணும் போனா நான் எப்படிக் கூப்பிடுவேன்? மங்கலாவாவது என் கை தெரியுதில்ல? அது போதும் எனக்கு.

– அது நிக்காது அக்கா. கருவிழி கூம்பிக்கிட்டே போகுது, தழும்பு வேற விழுந்திருச்சு. லென்ஸ் வச்சா தங்கல. சும்மா விட்டாலும் மறைக்கும். தள்ளுங்க... ஹாத்தெம் அண்ணே, வெளிச்சத்துக்கு வாங்க. என் கையப் பாருங்க.

– அட, உனக்கும் கைப்பேச்சு தெரியுமா தங்கச்சி? அப்ப ஏன் அரை மணி நேரமா மரம் மாதிரி உக்காந்திருந்த?

– மன்னிச்சிருங்க அண்ணே. கருவிழி வந்திருக்கு.

– தெரியும். அக்கா பொய் சொன்னா கை வேகமாப் போகும். வீட்டுக்குப் போகலாம்னு சொன்னப்ப காத்தாடி மாதிரி சுத்துச்சு.

– ஹாத்தெம், நான் சொல்ல வர்றது...

– இரு அக்கா. முதல்ல இந்தப் பொண்ணு சொல்லட்டும். வலது கண்ணு மாதிரியே ஆகுமா?

– ஆகலாம். பெரும்பாலும் ஒட்டிக்கும். ஆனா வச்ச கருவிழிய ஒரு தடவை தள்ளின உடம்பு, அதனால உறுதி குடுக்க மாட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல சொட்டு மருந்து விடணும். கசக்கவே கூடாது.

– வைக்கலன்னா?

– மெல்ல மெல்ல மறையும். போன மாசம் தெரிஞ்ச எழுத்து இந்த மாசம் தெரியுதா?

– தெரியல. போன வாரம் ஒரு படகுல ஒரே எழுத்த ரெண்டு தடவை எழுதிட்டேன். படகுக்காரன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. வை தங்கச்சி. எங்க கையெழுத்து?

– இங்க. ஆனா ஒண்ணு சொல்லிடணும் அண்ணே. கட்டுப் போட்டா நாளைக்கு முழுக்க உங்களுக்குக் கை தெரியாது.

– அக்கா உள்ளங்கையில எழுதுவா. பெரிய எழுத்தா. எழுதுவியா?

– எழுதுறேன். எழுதுறேன்டா. ஆனா நீ கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேளு. மெதுவாச் சொல்றேன், என் கையப் பாரு. வலது கண்ணு விதியால போகல. என்னால போச்சு. நீ சிவப்பக் காட்டின அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். என் கல்யாணத்துக்காக நாலு நாள் உன்ன நிறுத்தி வச்சேன்.

– ரெண்டு வருஷமா இதத்தான் சுமந்துக்கிட்டு இருந்தியா?

– திட்டு. அடி. ஏதாவது செய்யி ஹாத்தெம். இப்படிப் பாக்காத.

– பேனாவக் குடு தங்கச்சி... அக்கா, இப்ப நீ என் கையப் பாரு. உன் கல்யாணம் ஏற்கனவே ரெண்டு தடவை என்னாலதான் நின்னுச்சு. மூணாவது தடவையும் நிக்க வேண்டாம்னு ஒரு வாரம் சிவப்ப மறைக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். வலி தாங்க முடியாமப் போன அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை உன்கிட்ட காட்டினேன்.