கரைப்பாதையைப் போட்டது யார்? சோல்ஃப்ரிட் ஹெஸ்டாட் அவர்களுக்குக் குழப்பத்தோடு ஒரு பாராட்டு

ஹெக்விக் நகராட்சியின் மூன்றாம் மாடிப் படிகளை முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் ஏறி இறங்கிய அன்புச் சகோதரியே! மழையிலும் பனியிலும் மஞ்சள் அங்கி ஒன்றையே மாளிகையாகக் கொண்டு ஊரெங்கும் உலவிய உத்தமியே! கூட்டங்களில் கடைசி நாற்காலியைத் தேடிப் பிடிக்கும் பணிவின் பெட்டகமே! பேசியவரை ஊர் நினைவில் வைத்திருக்க, பேசாமல் இருந்தவரை நினைவில் வைத்திருக்கும் பெருந்தகையே! ஓய்வு பெறும் உங்களுக்கு மூன்றாம் மாடிப் பணியாளர்களாகிய எங்கள் வணக்கம்.

இன்னும் பல சொற்களால் உங்களை அழைக்க ஆசைதான். ஆனால் பாராட்டு மடலில் பொய் எழுதக்கூடாது. அதுவும் உங்களைப் பற்றிய மடலில் எழுதவே கூடாது. ஆகவே உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீங்கள் இத்தனை ஆண்டுகள் என்னதான் வேலை பார்த்தீர்கள் என்பது எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை. இதை அவமரியாதையாக எண்ண வேண்டாம். புரிந்துகொள்ள நாங்கள் மிகவும் பாடுபட்டோம். எங்களுக்காகப் பாடுபட்டவர், உங்கள் இடத்துக்கு வரப்போகிற ஆஸ்மூன்.

நீங்கள் வேலையில் சேர்ந்தபோது ஹெக்விக்கில் இருபதாயிரம் பேர். இன்று அறுபதாயிரம். விரிகுடாவின் இந்தக் கரையில் மீன்பிடித் துறையும் மரவீடுகளும்; அந்தக் கரையில் கண்ணாடி அடுக்கு வீடுகள், உலகின் நாற்பது மொழிகள், பிறந்த ஊரில் பனியையே பார்த்திராத பிள்ளைகள். இரு கரைகளையும் இணைத்து நான்கு கிலோமீட்டருக்கு ஓடுகிறது கரைப்பாதை. ஜல்லியை நகராட்சி கொடுத்தது, பலகையை மரமறுக்கும் ஆலை கொடுத்தது, உழைப்பை ஊர் கொடுத்தது. நம் ஊர் வளர்ந்த கதையை வெளியூரார் கேட்டால் அந்தப் பாதையைத்தான் காட்டுகிறோம். உங்கள் அறைக்கதவிலோ ‘சமூகக் கூட்டுப்பணி அலுவலர்’ என்று பலகை இருக்கிறது. ஆகவே பாதைக்கும் அந்தக் கதவுப் பலகைக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று ஆஸ்மூன் நம்பினார்.

நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது அவருக்கு. பத்தொன்பது ஆண்டுகள் சாலைத் துறையில் இருந்தவர். சாலை என்றால் அவருக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, முடிந்த தேதி உண்டு. மார்ச் மாதத்தில் உங்கள் இடத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரம், பதவிகளைச் சீரமைக்கும் குழுவின் தலைவர் எய்லிவ் ஒரு கடிதம் அனுப்பினார். இந்தப் பதவியால் என்ன நடந்தது என்று மே மாதத்துக்குள் ஒரே ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் உங்கள் ஓய்வோடு பதவியும் ஓய்வு பெறும். அதற்குள் ஆஸ்மூனின் பழைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். புதிய நாற்காலியோ உட்காரும் முன்பே ஆடத் தொடங்கிவிட்டது.

அவர் முதலில் உங்களிடம்தான் வந்தார். நீங்கள் சொன்ன பதில் மூன்றாம் மாடி முழுவதும் இன்னும் எதிரொலிக்கிறது.

“நான் பெருசா ஒண்ணும் பண்ணலையே, ஆஸ்மூன். காபி போட்டேன்.”

தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார் ஆஸ்மூன். பிறகு பதினொரு கோப்புகளைப் புரட்டினார். ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கையெழுத்தில்தான் இருந்தது. ஒன்றில்கூட உங்கள் பெயர் இல்லை. ‘படகுச் சங்கத்தின் யோசனைப்படி’, ‘பெண்கள் குழு கேட்டுக்கொண்டபடி’, ‘இசைக்குழுப் பெற்றோர் முன்வந்ததால்’ என்று பக்கம் பக்கமாகப் பிறர் பெயர்கள். பாதைத் திறப்பு விழாப் படத்தில் எழுபது பேர் இருக்கிறார்கள். உங்களைத் தேடியபோது ஓரத்தில் ஒரு முழங்கை கிடைத்தது. முழங்கைக்குக் கீழே காபிக் குடுவை. ஆஸ்மூனின் சிரிப்பு அன்றோடு நின்றது.

கோப்பு சொல்லாததை ஊர் சொல்லும் என்று புறப்பட்டார். படகுத் துறையில் குட்லைக் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். படகுச் சங்கத் தலைவர். எழுபத்து மூன்று வயது. யாரையும் உட்காரச் சொல்லாதவர்.

“பாதையா? நாங்க போட்டது,” என்றார் குட்லைக். “ஒன்பது வருஷம் படகை அம்போன்னு விட்டுட்டு ஜல்லி அள்ளினோம். நகராட்சி என்ன பண்ணுச்சு? ஜல்லியக் கொட்டிட்டுப் போச்சு. அதுவும் தப்பான எடத்துல.”

அந்த ஜல்லியைக் கொட்டியவர் தாமே என்பதை ஆஸ்மூன் சொல்லவில்லை.

“சோல்ஃப்ரிட் ஏதாவது…?”

“நல்ல பொம்பள. வரும், ஓரமா நிக்கும். என் முட்டிவலி எப்படி இருக்குன்னு கேக்கும். பாதைக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

அக்கரைக்குப் போனார். பள்ளிவாசலின் கீழ்த்தளத்தில் பெண்கள் குழுவை நடத்தும் ஹோடான் அவரை உட்காரவைத்து, ஏலக்காய்த் தேநீர் கொடுத்து, விரலை ஆட்டிக்கொண்டே சொன்னார்: “எழுதிக்குங்க. பாதைக்கு விளக்கு வேணும்னு கேட்டது நாங்க. குளிர்காலத்துல மூணு மணிக்கே இருட்டிடுது, புள்ளைங்க எப்படி வீடு திரும்பும்? கேட்டதும் நாங்க, கம்பத்துக்குக் குழி தோண்டினதும் நாங்க. சோல்ஃப்ரிட் அக்காவா? என் மூணாவது பொண்ணு பொறந்தப்ப கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டாந்தாங்க. தங்கமான அக்கா. ஆனா பாதையில அவங்க எங்க வந்தாங்க?”

பள்ளி இசைக்குழுப் பெற்றோர் சங்கத்தின் ரன்வைக் மட்டும் சற்று யோசித்தார். “மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்துல நம்ம பசங்க ஊதிக்கிட்டே போறது அந்தப் பாதையிலதானே? நாங்க போடாம வேற யாரு போடுவா? உங்க சோல்ஃப்ரிட் ஒருநாள் எங்கிட்ட, ‘பலகை கனமா இருக்கா?’ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவ்வளவுதான்.”

அன்று மாலை ஆஸ்மூன் காகிதத்தை எடுத்து வைத்து, ‘முழங்கை, முட்டிவலி, தொப்பி, பலகை’ என்று எழுதினார். கீழே கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் கூடிக் கூலியின்றி உழைக்கும் டுக்னாட் நாளில், வேலையை நடத்துபவர் மண்வெட்டி கொண்டுவருவார், உதவிக்கு வருபவர் தின்பண்டம் கொண்டுவருவார். அதுதான் நம் ஊர் வழக்கம். கரைப்பாதையின் முதல் டுக்னாட் அன்று நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். எல்லோர் கையிலும் வாஃபிள் பலகாரம் சுடக் கரைத்த மாவு. ஏழு வாஃபிள் அச்சுகளை ஒரே சமயத்தில் சூடாக்கியதில் படகுக் கொட்டகையின் மின்சாரம் போயிற்று. மண்வெட்டியோ மொத்தம் ஒன்று. அதுவும் உங்களுடையது. ஊரே கூடி அன்று மாவை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தது. ஏன் அப்படி ஆயிற்று என்று இந்த மூன்றாம் மாடி பல ஆண்டுகள் விவாதித்தது. விடை தெரியாமலே விட்டுவிட்டோம்.

மே மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை குழு கூடியது. கையில் வெற்றுத்தாளோடு வந்த ஆஸ்மூன், துணைக்கு மூன்று சங்கத்தாரையும் அழைத்திருந்தார். அது எத்தனை பெரிய பிழை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது.

“பாதையைப் போட்டது யாரு?” என்றார் எய்லிவ்.

“நாங்க!” என்று மூன்று குரல்கள்.

“நகராட்சி அலுவலர் ஒருத்தர் கூட இருந்து ஏதாவது செஞ்சாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றார் குட்லைக் பெருமையாக. மற்ற இருவரும் தலையசைத்தார்கள். ஆஸ்மூனுக்கு வியர்த்தது. நீங்களோ அறையின் மூலையில் நின்று கோப்பைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தீர்கள்.

“அப்ப விஷயம் தெளிவாயிடுச்சு,” என்று எய்லிவ் பேனாவைத் திறந்தார். பிறகு, நேர்மையான மனிதர் ஆகையால், இன்னொரு கேள்வியும் கேட்டார். “சும்மா தெரிஞ்சுக்கத்தான். முதல் நாள் யாரு யாரைக் கூப்பிட்டீங்க?”

“நாங்க ஏன் கூப்பிடறோம்? அது பேண்டுக்காரங்க வேலை. நாங்க ஒத்தாசைக்குப் போனோம்,” என்றார் குட்லைக்.

“எங்க வேலையா?” ரன்வைக் திரும்பினார். “அது ஹோடான் குழுவோட வேலை. நாங்கதான் ஒத்தாசைக்கு வந்தோம்!”

“ஐயையோ, இல்ல,” என்றார் ஹோடான். “படகுக்காரங்க ஆரம்பிச்சாங்க. பாவம் வயசானவங்களாச்சேன்னு நாங்க வந்தோம்.”

“யாரு வயசானவன்?”

“நீங்கதான், குட்லைக் ஐயா. முட்டியப் புடிச்சுக்கிட்டே குனிஞ்சீங்க, நான் பாத்தேன்.”

ஒவ்வொரு தலையாகக் காபி மேசைப் பக்கம் திரும்பியது. கோப்பையைக் கீழே வைத்த உங்கள் கழுத்து சிவந்ததை நாங்கள் பார்த்தோம்.

“நான் பொய் சொல்லல,” என்றீர்கள். “குட்லைக்கிட்ட, ‘பேண்டுக்காரங்க பாதை போட்டா கை குடுப்பீங்களா?’ன்னு கேட்டேன். ‘இதையெல்லாம் கேக்கணுமா?’ன்னாரு. ரன்வைக்கிட்ட, ‘அக்கரை அம்மாமார் போட்டா?’ன்னேன். கண்டிப்பான்னாங்க. ஹோடான்கிட்ட, ‘படகுக்காரங்க போட்டா?’ன்னேன். மாவு கரைச்சுக் கொண்டாரோம்னாங்க. அப்புறம் எல்லாருக்கும் தேதிய மட்டும் சொன்னேன்.”

“ஒன்பது வருஷமா?” என்றார் எய்லிவ்.

“ஒன்பது வருஷமும் தேதிதான் சொன்னேன்.”

சகோதரியே! நம் ஊராரை நீங்கள் அறிந்த அளவுக்கு யார் அறிவார்? பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாலும், ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்று தவழ்ந்தே வீட்டுக்குப் போகிறவர்கள் நாம். கேட்க நா எழாது. கொடுக்கக் கை தயங்காது. கேட்கத் தெரியாத ஊரில் எல்லோரையும் கொடுப்பவர்களாகவே வைத்திருந்து ஒரு நகரத்தை வளர்த்துவிட்டீர்கள். இது அறமா, தந்திரமா? எங்களுக்கு விளங்கவில்லை. ஆஸ்மூன் அதை உங்களிடமே கேட்டார்.

“எனக்கும் தெரியல,” என்றீர்கள். “ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல அதைச் சொல்லி நிறைய தடவ மன்னிப்பு கேட்டிருக்கேன். பதில் வரல. பாதை மட்டும் நீண்டுக்கிட்டே போச்சு.”

எங்கள் எளிய விசுவாசத்துக்கு எட்டிய வரையில் சொல்கிறோம்: அந்த நீட்டம்தான் பதிலாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இறைவன் மூன்றாம் மாடிக்கு எல்லாவற்றையும் விளக்குவதில்லை.

எய்லிவ் பேனாவை மூடவில்லை. “சரி, இப்ப சொல்லுங்க. இந்தப் பதவி உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?”

“எங்களுக்கு எதுக்கு?” என்றார் குட்லைக். “நாங்க ஒழுங்காத்தான் இருக்கோம். ஆனா பேண்டுக்காரங்களுக்குக் கட்டாயம் வேணும். அவங்களா வாயத் தொறக்க மாட்டாங்க.”

“எங்களுக்கு வேண்டாம்,” என்றார் ரன்வைக். “ஹோடான் குழுவுக்குத்தான் அவசியம். புதுசா வர்றவங்களுக்கு ஊர்ல யாரைத் தெரியும்?”

“எங்கள விடுங்க, நாங்க சமாளிச்சுக்குவோம்,” என்றார் ஹோடான். “படகுக்காரங்களுக்கு ஆள் போடுங்க. பாவம், அவங்க…”

“வயசானவங்கன்னு இன்னொரு தடவ சொன்னே!” என்று குட்லைக் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

எய்லிவ் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். அன்றைய குறிப்பேட்டில் அவர் எழுதிய தீர்மானத்தை அப்படியே தருகிறோம்: ‘இப்பதவி தமக்குத் தேவையில்லை என்று ஒவ்வொருவரும் கூறினர். பிறருக்குத் தேவை என்றும் ஒவ்வொருவரும் கூறினர். குழுவுக்குக் குழப்பமே. பதவி தொடரும்.’

படியிறங்கும்போது ஆஸ்மூன் உங்கள் அருகே வந்தார். பதவி பிழைத்தது, அவர் முகத்தில் மட்டும் தெளிவில்லை. “சோல்ஃப்ரிட், திங்கட்கிழமை காலைல வந்து உக்காந்ததும் நான் என்ன செய்யணும்?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றீர்கள். “முப்பத்தொரு வருஷமா எந்தத் திங்கட்கிழமையும் எனக்குத் தெரிஞ்சதில்ல. பயமாத்தான் இருக்கும். யாராவது எதையாவது சொல்லாம சொல்லிக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. உள்ள வரச் சொல்லு.”

அன்புக்குரியவரே! சாதனைப் பட்டியல் இல்லாமல் எழுதப்படும் முதல் பாராட்டு மடல் இதுவாகத்தான் இருக்கும். இனி உங்கள் காலைகளில் அவசரம் இல்லாதிருக்கட்டும். மழைநாளில் பிறர் போட்ட காபி உங்கள் கைக்கு வரட்டும். நீங்கள் கேட்காமலே உங்கள் நலம் கேட்க ஊர் வரட்டும். உங்கள் கால்கள் அந்த நான்கு கிலோமீட்டரையும் தொண்ணூறு வயதிலும் நடக்கட்டும். தளர்ந்தால் உட்காரப் பலகை உண்டு. முதியோரையும் புதியோரையும் ஒரே கரையில் சேர்க்கும் இறைவன் உங்களை உடல் நலத்தோடும் உள்ள அமைதியோடும் காக்கட்டும்.

வருகிற திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆஸ்மூன் உங்கள் நாற்காலியில் உட்காருவார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் எங்களுக்கு நம்பிக்கையாக இருக்கிறது.

மாறாத அன்புடனும் தீராத குழப்பத்துடனும்,
மூன்றாம் மாடிப் பணியாளர்கள்,
ஹெக்விக் நகராட்சி மன்றம்.