கோபம் வராத மீன்

“மீனுக்குக் கோபம் வரேல்லை எண்டு பரிசு தராமல் விட்டிட்டினம். எல்லாம் உம்மாலதான்.”

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகும் பஸ்ஸில், என் முன் இருக்கைக்காரர் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னார். அவர் மடியில் ஒரு போத்தல். அதற்குள் நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்று. அலங்கார மீன் போட்டியிலிருந்து திரும்புகிறார்கள்.

“நான் என்ன செய்தனான்?” என்றார் மனைவி.

“கண்ணாடியைக் காட்டினா, வேற மீன் வந்திட்டுதெண்டு செட்டையை விரிச்சுக்கொண்டு சண்டைக்குப் போகவேணும். அதைப் பாத்துத்தான் புள்ளி போடுறவை. நீர் ஏன் போத்தலை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால வைச்சனீர்?”

“தனிய நிண்டுது, பாவம். துணைக்கு ஒராள் இருக்கட்டுமெண்டு வைச்சனான்.”

“மாசக்கணக்கா அந்தத் துணையோட சண்டை பிடிச்சு அலுத்துப்போச்சு அதுக்கு. இண்டைக்கு நடுவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் காட்டுறார், இது சொந்தக்காரரைக் கண்ட மாதிரிப் பக்கத்தில போய் நிக்குது.”

“நல்ல குணம்தானே. அதுக்கொரு பரிசு குடுத்திருக்கலாம்.”

கணவரின் முகம் சிவந்தது, கன்னம் உப்பியது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாங்குளத்தில் மனைவி கச்சான் கடலை வாங்கி நீட்டினார். அவர் தொடவேயில்லை.

மனைவி கச்சானை உடைத்தபடியே சொன்னார்:

“இஞ்சேருங்கோ, அடுத்தமுறை மீன் வீட்டில நிக்கட்டும். நீங்கள் போத்தலுக்க இருங்கோ. கண்ணாடியும் தேவையில்லை, நான் வந்து முன்னால நிக்கிறன்.”