நிறுத்தியவர்: நோட்புர்கா சான்டர்

மேடையில் வீற்றிருக்கும் மேயர் ஹார்ட்விக் அவர்களே, லிஃப்ட் நிறுவனத்தின் தலைவர் லியோன்ஹார்ட் அவர்களே, காலையில் முப்பதாம் நாள் பூசையை நிறைவேற்றித் தந்த பங்குத்தந்தை அவர்களே, மலை மீட்புக் குழுவின் தலைவி பியா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்தவரின் கணவர் ஆன்செல்ம் அண்ணன் அவர்களே, வாத்தியங்களைத் தாங்கிக்கொண்டு சுவரோரம் நிற்கும் ஊர் இசைக்குழுவினரே, லெர்ச்சன்பாக் மக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் விகில் பிரான்ட்ல். வடத்தில் தொங்கி மலையேறும் நம் ஊர் நாற்காலி லிஃப்டின் மெக்கானிக். நோட்புர்கா சான்டர் அம்மையாரின், நம் புர்கியின், கீழ் இருபத்திரண்டு பனிக்காலம் வேலை பார்த்தவன். ஒரு மாதமாக அவருடைய இருக்கையில், இயக்கப் பொறுப்பாளர் என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேனே தவிர இன்னும் சாய்ந்து உட்காரவில்லை.

மேடைப் பேச்சு எனக்கு வராது. கிரீஸ் படிந்த கையை எங்கே வைப்பது என்றே இங்கே தெரியவில்லை. ஆனாலும் இன்று நான் பேசியாக வேண்டும். காரணம், இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது தலைவர் லியோன்ஹார்ட் என் தோளைப் பிடித்து ஒன்று கேட்டார். பதிலை மேடையில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் என்ன கேட்டார்? இன்றைய ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் லிஃப்டில் மேலே போகிறோம். முதல் நாற்காலியில் ஆள் கிடையாது, புர்கியின் சிவப்புக் கம்பளித் தொப்பி மட்டும். பின்னால் குடும்பம், இசைக்குழு, ஊர். உச்சிச் சிலுவையின் அடியில் தொப்பியை வைத்து, அவருக்குப் பிடித்த அந்த நடைமெட்டை வாசிக்கிறோம். ஆனால் இன்று காலை சோதனை ஓட்டத்தில் ஏழாம் தூணின் சுவிட்ச் மூன்று முறை லிஃப்டை நிறுத்தியது. ஏறிப் பார்த்தேன். வடம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. சக்கரங்கள் சுற்றுகின்றன. சுவிட்சின் மேல் மெல்லிய பனிப்படலம். இதைச் சொன்னதும் தலைவர் கேட்டார்:

"வெறும் பனிதானேப்பா. ஒரே ஒரு நாள். அதுவும் அவளுக்காக. ஓட்டிடலாம்ல, விகில்?"

தவறான எண்ணத்தில் அவர் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் பதில் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது. பதிலைச் சொல்கிறேன். ஆனால் புர்கியைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பதில் உங்களுக்கு விளங்காது.

யார் இந்த நோட்புர்கா சான்டர்? டிக்கெட் ஜன்னலில் வேலைக்குச் சேர்ந்து, மின்சாரமும் இயந்திரமும் தானே படித்து, தேர்வு எழுதி, முப்பத்தோரு ஆண்டுகள் நம் லிஃப்டின் பொறுப்பைச் சுமந்தவர். ஒவ்வொரு நாள் காலையும், ஒரு பயணி ஏறுவதற்கு முன்னால், முதல் நாற்காலியில் தனியாக ஏறிப் போனவர். தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொள்வார். ஏன்? ஒவ்வொரு தூணும் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்பதற்கு. காது சிவந்து, உறைந்து, தோல் உரியும். தொப்பியை இறக்கிக்கொள் என்று சொன்னால், "நீ வேணா இறக்கிக்கோ. எனக்கு அதுங்க பேசறது கேக்கணும்" என்பார்.

ஆண்டுதோறும் அக்டோபரில் மீட்புப் பயிற்சி. லிஃப்ட் நடுவழியில் நின்றால் பயணிகளைக் கயிற்றில் இறக்கும் பயிற்சி. மாட்டிக்கொண்ட பயணியாக யார் உட்காருவது? சம்பளத்துக்கு ஆள் வைக்க மாட்டார். ஊர்ப் பெரியவர்களைத்தான் உட்கார வைப்பார். பங்குத்தந்தை தொங்கியிருக்கிறார். நம் மேயர் மூன்று ஆண்டுகள் தொங்கியிருக்கிறார், மூன்று ஆண்டும் கடைசியாகத்தான் இறக்கப்பட்டார். மேலிருந்து அவர் கத்தியதும் கீழிருந்து புர்கி சொன்னதும் பியாவுக்கு நினைவிருக்கும்.

"புர்கி, எனக்குக் கூட்டம் இருக்கு! எவ்வளவு நேரந்தான் தொங்கறது?"

"கயிறு கேட்டு உன் ஆபீஸ்ல நான் உட்கார்ந்த நேரம் ஆயிடுச்சான்னு பாத்துச் சொல்றேன், ஹார்ட்விக். காலை ஆட்டாதே."

மேயர் அவர்கள் சிரிக்கிறார். சிரியுங்கள். அந்தப் பயிற்சிக்குப் பிறகுதானே நீங்கள் மீட்புக் குழுவுக்குப் புதுக் கயிறு வாங்கிக் கொடுத்தீர்கள்?

ஆனால் மக்களே, அவரை நாம் என்ன பெயர் சொல்லி அழைத்தோம்? இங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டீர்கள். நானே சொல்கிறேன். ஸ்டாப் புர்கி. காற்றடித்தால் ஸ்டாப். சத்தம் மாறினால் ஸ்டாப். விடுதிகள் நிரம்பி வழியும் நாளில், வரிசை தேவாலயம் வரை நிற்கும் நாளில் ஸ்டாப். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் கார்னிவல் வாரத்துச் சனிக்கிழமை. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அன்றுதான். வெயில் அடித்தது, காற்றும் கொஞ்சம் அடித்தது, ஆண்டின் பெரிய கூட்டம் வந்திருந்தது, புர்கி காலை பதினொரு மணிக்கு லிஃப்டை நிறுத்தினார். அறுபத்தொரு பேரைக் கயிற்றில் இறக்கினார். இரண்டு நாள் திறக்கவில்லை. ஏன் என்று ஊருக்கு ஒரே வரிதான் சொன்னார்: பழுது. உங்களில் நாற்பது பேர் அவரை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதினீர்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று சொல்ல மாட்டேன். அவர் மேடையில் இருக்கிறார்.

அன்று என்ன நடந்தது என்று இன்று சொல்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக இது என் நெஞ்சில் கிடக்கிறது.

ஒவ்வொரு தூணிலும், வடம் ஓடும் சக்கரங்களுக்குப் பக்கத்தில், ஒரு சுவிட்ச் உண்டு. விரல் கனத்தில் ஒரு குச்சி. வடம் தடம் புரண்டால் அந்தக் குச்சியின் மேல் விழும், குச்சி ஒடியும், லிஃப்ட் உடனே நிற்கும். அந்த வாரம் முழுக்க ஏழாம் தூணின் சுவிட்ச் காரணமே இல்லாமல் லிஃப்டை நிறுத்திக்கொண்டிருந்தது. குச்சி ஒடியவில்லை, வடம் நகரவில்லை, ஆனாலும் நிற்கும். ஒவ்வொரு முறையும் நான் ஏறிப் பார்த்து, துடைத்து, இறங்கினேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு சாண் செம்புக் கம்பியை எடுத்து, அந்த சுவிட்சின் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு சுவிட்ச் என்ன சொன்னாலும் லிஃப்டுக்குக் கேட்காது.

ஆம். நான்தான். இந்தக் கையால்தான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரும் தவறு இது. பயணிக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. தினமும் எச்சரிக்கை கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவனுக்குத்தான் எச்சரிக்கையே தொல்லையாகத் தெரியும்.

இரண்டு மணி நேரம் லிஃப்ட் அழகாக ஓடியது. ஒரு முறைகூட நிற்கவில்லை. பதினொரு மணிக்குப் புர்கி கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். மணியைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் காற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டேய் விகில். இந்தக் காத்துல ஏழு ஏன் இன்னும் நிக்கலை?"

"நல்லா ஓடுது புர்கி. அதுக்கென்ன இப்போ?"

"அதான் கேக்கறேன். ஏன் நல்லா ஓடுது?"

நிற்கிறது என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை என்று பயந்தவரை அன்றுதான் பார்த்தேன். அவர் சிவப்புப் பொத்தானை அடித்தார். ஏணியையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஏழாம் தூணுக்குப் போனார். நான் மேலே ஏறினேன். சக்கரம் ஒன்று இறுகிப்போயிருந்தது. அதன் ரப்பர் கிழிந்து தொங்கியது. சக்கரங்களைத் தாங்கும் சட்டமே ஒரு பக்கம் சாய்ந்து, வடம் சக்கரத்தின் விளிம்பில், இன்னும் ஒரு விரல் அகலம் நகர்ந்தால் விழும் இடத்தில் உட்கார்ந்திருந்தது. சாய்ந்த சட்டம் காற்றில் ஆடும்போதெல்லாம் சுவிட்சின் இணைப்பை அசைத்திருக்கிறது. ஒரு வாரமாக ஏழாம் தூண் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதன் வாயைக் கட்டினேன்.

இரண்டு தூண் தள்ளி ஒரு நாற்காலியில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு நீலக் குல்லாய், ஒருவருக்கு மஞ்சள் குல்லாய். லிஃப்ட் ஓடியிருந்தால் இன்னும் சில நொடிகளில் ஏழாம் தூணைக் கடந்திருப்பார்கள். புர்கி என்னைத் திட்டவில்லை. அதற்கு நேரம் இல்லை. பியாவின் குழுவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, வடத்துக்கு அடியிலேயே பனியில் நடந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் கீழே நின்று பேசினார். எதற்கு? தொங்குகிறவர்களுக்குப் பெரிய ஆபத்து குளிர் அல்ல, பொறுமை போய்க் குதிப்பதுதான். ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் மடிக்குக் குறுக்கே இருந்த பாதுகாப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம்? நான் குதிக்கப் போறேன்!"

"குதி. ஆறு மாசம் ஆஸ்பத்திரியில படுத்துக்கோ. உட்கார்ந்தா ரெண்டு மணி நேரம் குளிரு. நீயே முடிவு பண்ணு."

"உன் மேல கேஸ் போடுவேன்!"

"தாராளமா போடு. கையெழுத்துப் போட கை வேணுமில்ல? கம்பியை இறக்கிப் பிடிச்சுக்கோ."

கம்பியை இறக்கினார். அறுபத்தொரு பேரும் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த நீலக் குல்லாயும் மஞ்சள் குல்லாயும் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதிலிருந்து தப்பினோம் என்று அவர்களுக்கும் தெரியாது. கீழே வந்ததும் நேராக டிக்கெட் ஜன்னலுக்குப் போய்ப் புர்கியைத்தான் திட்டினார்கள்.

அன்று மாலை அவர் இயக்கப் பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். 'நிறுத்தியவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்தை என்னை எழுதச் சொன்னார். செம்புக் கம்பி, என் கை, என் பெயர், எல்லாம் எழுதினேன். அரசு ஆய்வாளரிடம் அவரே என்னை அழைத்துப் போனார். அந்தப் பருவம் முழுக்க இயந்திரத்தைத் தொட எனக்குத் தடை. கீழ் நிலையத்தில் பனி வாரினேன். பாவம், முதுகுவலி போலிருக்கிறது என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள்.

ஊருக்கு மட்டும் அவர் சொல்லவில்லை. விடுதி மேஜையில் அவரை நீங்கள் திட்டியபோது, அதே மேஜையில் நானும் பீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஒரு நாள் தாங்க முடியாமல் அவரிடம் போனேன்.

"ஊரே உன்னைத் திட்டுது புர்கி. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"எழுத வேண்டிய இடத்துல எழுதியாச்சு. படிக்க வேண்டியவரு படிச்சாச்சு. உன்னை ஊர் முன்னாடி நிக்க வச்சா, அடுத்த தடவை தப்பு பண்றவன் எங்கிட்ட வந்து சொல்லுவானா? ஒளிச்சு வைப்பான். அப்புறம் நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கறது?"

"அப்போ நீ திட்டு வாங்கிட்டே இருப்பியா?"

"எனக்குப் பழகிப்போச்சு. நீ போய் அந்தப் பனியை வாரு."

மக்களே, இதற்குப் பெயர் பிடிவாதமா? நம் பிள்ளைகள் அந்த நாற்காலிகளில் காலை ஆட்டிக்கொண்டு போய் வந்த முப்பத்தோரு ஆண்டுகளுக்கு யார் விலை கொடுத்தது? நாம் அல்ல. அந்த அம்மையார் கொடுத்தார், நம் திட்டுகளை வாங்கிக்கொண்டு கொடுத்தார். எந்த எச்சரிக்கையையும் கேட்காமல் விடக் கூடாது என்று வாழ்ந்தவர், சென்ற மாதம் தன் சமையலறையில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நின்றுபோனார். ஆன்செல்ம் அண்ணன், உங்களிடம் இந்த ஊர் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலில் நான் கேட்கிறேன்.

இப்போது தலைவர் அவர்களின் கேள்விக்கு வருகிறேன். அது பனியாகத்தான் இருக்கும். பத்தில் ஒன்பது பங்கு பனிதான். உண்மையைச் சொல்கிறேன், காலையில் தூணின் மேல் நின்றபோது எனக்கும் ஆசை வந்தது. அவருடைய தொப்பி அவருடைய நாற்காலியில் போவதைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? ஆனால் அவருக்காக என்று சொல்லி, அவர் வாழ்நாளெல்லாம் செய்ய மறுத்த ஒன்றை, அவருடைய தொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு நான் செய்யலாமா?

லிஃப்ட் இன்று ஓடாது. சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கும் வரை நாளையும் ஓடாது. பருவத் தொடக்க நாளன்றும் எனக்குத் திருப்தி இல்லையென்றால் அன்றும் ஓடாது. கடிதம் எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம், முகவரி அதேதான்.

சிலுவைக்குப் போகும் பாதை தூண்களுக்கு அடியிலேயே போகிறது. ஒன்றரை மணி நேர நடை. முடியாதவர்களைப் பியாவின் வண்டி ஏற்றிக்கொள்ளும். பெரிய ஊதுகுழலை முறை வைத்துத் தூக்குவோம், முதல் முறை என்னுடையது. ஏழாம் தூணருகே ஒரு நிமிடம் நிற்போம். மேலே போய் அந்த நடைமெட்டை வாசிப்போம்.

இதோ, அந்தப் பதிவேட்டின் இன்றைய பக்கம். காலையில் பாதிதான் எழுதினேன். இடம்: ஏழாம் தூண். காரணம்: சுவிட்ச் மூன்று முறை நிறுத்தியது, ஏன் என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த கட்டத்தை எழுதக் கை வரவில்லை. ஒரு நிமிடம் யார் வேண்டுமானாலும் லிஃப்டை நிறுத்தலாம். ஒரு நாளைக்கு மூடுவது பொறுப்பாளரின் வேலை. முப்பத்தோரு ஆண்டுகளாக அந்தக் கட்டத்தில் ஒரே பெயர்தான் இருக்கிறது.

மேயர் அவர்களே, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.

நிறுத்தியவர்: விகில் பிரான்ட்ல்.

எழுதிவிட்டேன். தொப்பி என்னிடம் இருக்கிறது. வாருங்கள், நடப்போம்.