காபி குடிக்கிறீங்களா?

ஹெப்பாளிலிருந்து மைசூர் டவுனுக்கு வந்த பஸ்ஸில், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு பூஜ்யத்துக்காக வாரம் பூரா அழுதிருக்கேன் ஷைலா!" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"ஹௌதா, அப்படியா? என்ன வனஜா ஆச்சு?"

"பாட்டில் எண்ணுற ப்ரோக்ராம் இருக்கே, ஆபீஸ்ல சரியா எண்ணும். ஃபேக்டரில போட்டா, ஒரு பாட்டில்கூட வராதப்பவே பல ஆயிரம் காட்டும்."

"ஏன்?"

"ஆரம்பத்துல பூஜ்யம்னு எழுதவே இல்ல. மெமரில ஏற்கெனவே கிடந்த குப்பை நம்பர்லேருந்து எண்ணிருக்கு. நம்ம ஆபீஸ் மெஷின்ல அந்த இடத்துல தற்செயலா பூஜ்யம் இருந்திருக்கு!"

"தப்பு கண்டுபிடிக்கற கம்பைலர் சொல்லலையா?"

"மூச்சு விடல."

"அதுக்கா மேனேஜர் உன்னை வேலையை விட்டுத் தூக்கறேன்னாரு?"

"பூஜ்யம் போடாம அந்த வரியை எழுதினது யாரு தெரியுமா?"

ஷைலா வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரா?"

"அவரேதான்! இன்னிக்குக் காட்டினேன். ஸ்க்ரீனையே ரொம்ப நேரம் பாத்துட்டு, 'வனஜா, காபி குடிக்கிறீங்களா?'ன்னார்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"குடிச்சியா?"

"சக்கரை கம்மியா வாங்கிட்டு வாங்க சார்னேன். போனார்!"