தண்ணீர் லாரியை வென்ற தமிழம்மை: பேராசிரியர் சித்ரகலாவுக்கு

பின்னலாடைப் பெருநகரே, செவி கொடு! ஷிப்மென்ட் அவசரத்தில் ஓடும் தையல் இயந்திரங்களே, முடிந்தால் ஒரு நொடி நில்லுங்கள்! எங்கள் கல்லூரிச் சமூகப்பணித் துறையில் முப்பத்தோராண்டு சுடர்விட்ட பேராசிரியர் சித்ரகலா அம்மையார் இன்று மாலையோடு ஓய்வு பெறுகிறார்!

பாடநூலைப் பூட்டிவைத்துவிட்டுப் பனியன் தொழிலாளர் வாசலுக்கு மாணவரை நடத்திச் சென்ற பண்பாட்டுப் பாலமே!

பதினோராண்டுக்கு முன், பிற மாநிலத்தாரோடு பழகிப் பயிலும் பாடத்தைத் தாங்கள் தொடங்கியபோது, அதற்கு பேனரும் பொன்னாடையும் ஐந்து வாழ்த்துரையும் சேர்த்தவர்கள் நாங்கள். அவிநாசிபாளையம் அருகே ஒடிசாத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில், ஞாயிறு காலை பத்து மணிக்கு விழா. வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும் நேரமும் அதுவே என்பதை நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் வாழ்த்துரையில் லாரி வந்தது. மரியாதை கருதிக் குடியிருப்போர் ஒருவரும் எழவில்லை. ஐந்தாம் வாழ்த்துரையில் லாரி போய்விட்டது.

"பேச்சு முடிஞ்சுதுங்களா சார்? தண்ணி போயிருச்சுங்க" என்றார், அங்கே பல ஆண்டு குடியிருந்து கொங்குத் தமிழ் பழகிவிட்ட ஓவர்லாக் டெய்லர் சபிதா. ஐந்தாம் வாழ்த்துரையை ஆற்றிய துறைத் தலைவர் வேல்குமார் அதற்கும் கைதட்டினார்.

மறுவாரம் லைன் வீட்டுக் கதவுகள் எங்களுக்குத் திறக்கவில்லை. பாடத்தையே கைவிடத் தீர்மானம் எழுதினோம். கையொப்பமிட மறுத்தவர் தாங்கள் ஒருவரே! தனியே சென்று சபிதாவைக் கண்டீர்கள்.

"சொல்லிக் குடுக்க வரலீங்க, கத்துக்கத்தான் வர்றோம். மார்க்கும் நீங்களே போடுங்க."

"அந்தப் பேசுன சாருக்குமுங்களா?"

"அவருக்குந்தானுங்க."

சிரிப்பு கேட்டது. கதவு திறந்தது!

அன்று முதல் மாணவர்கள் குடம் சுமந்தனர், ஒடியா கற்றனர், திட்டும் வாங்கினர். பேச்சுப்போட்டிக் கோப்பைகளைக் குவித்த மாணவி மோனிஷாவுக்கு சபிதா போட்டது பத்துக்கு நான்கு. "புள்ள நல்லா பேசுதுங்க. காது குடுக்கறதில்லீங்க." அந்த மோனிஷாதான் பிறகொரு நாள் ஒரு மணி நேரம் வாய் திறவாமல் அமர்ந்து, ஞாயிறு காலையும் ஷிப்ட் போகிறவர்களுக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை என்று அவர்கள் சொன்னதைச் சொன்னபடி ஊராட்சிக்கு மனுவாக எழுதினார். தண்ணீர் லாரி மாலை நேரத்துக்கு மாறியது! மோனிஷாவுக்கு ஒன்பது மதிப்பெண். வேல்குமார் சாருக்கு இரண்டு.

பதினோராண்டு ஒரு ஞாயிறும் தவறாத பெருந்தகையே! முழங்கால் வலி நீங்கி, ஞாயிறுதோறும் வெயில் ஏறும்வரை உறங்கி, நலமும் வளமும் நிறைந்து நெடிது வாழ்க!

தங்கள் பெருமையில் பூரிக்கும்
சமூகப்பணித் துறை ஆசிரியர்கள் எண்மர்.

அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை நடத்த எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் இன்னும் பெயர் கொடுக்கவில்லை.